கடைசி ஆளின் மாதம்: ஓர் இளம் விமானியும் மூன்று ரீஜனல் கம்பெனிகளும்

2022 அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்கு ஒரு போன் வந்தது.

"அங்கிள், மூணு இடத்துலயும் ஆஃபர் குடுத்துட்டாங்க. ஒண்ணுல எழுபத்தஞ்சாயிரம் டாலர் போனஸ். புதன்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

பேசியவள் எங்கள் குடும்ப நண்பரின் மகள், இளம் விமானி. ஆஃபர் கொடுத்த மூன்றும் ரீஜனல்கள், அதாவது பெரிய ஏர்லைன்ஸ்களுக்காகச் சின்ன ஜெட்களை ஓட்டும் கம்பெனிகள். நானும் அப்படி ஒன்றில் விமானியாகத் தொடங்கியவன். சின்ன வயதிலிருந்து தெரிந்த பெண் என்பதால் இங்கே 'அவள்' என்றே எழுதுகிறேன். தன் பெயரும் கம்பெனிகளின் பெயரும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். மற்றபடி நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். முடிவெடுத்து மூன்று வருடம் ஆகிவிட்டதால் எது சரியாக வந்தது, எதைக் கவனிக்காமல் விட்டோம் என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடிகிறது.

அன்று அவளுக்கு வயது 24. இல்லினாய் மாநிலத்தில் ஒரு சிறிய விமான நிலையத்தில் இரண்டு வருடம் விமானப் பயிற்றுநராக வேலை பார்த்து, ஏர்லைன்ஸில் சேரத் தேவையான 1,500 மணி நேரப் பறப்பை அப்போதுதான் எட்டியிருந்தாள். அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் நான்கு வருட விமானத்துறைப் பட்டம் படித்தவர்களுக்கு 1,000 மணி நேரமே போதும். இவள் படித்தது கணினி அறிவியல், அதனால் முழு 1,500 தேவைப்பட்டது. விமானப் பயிற்சிக்கு வாங்கிய கடன் 88,000 டாலர். வீடு சிகாகோவின் மேற்குப் புறநகரில், பெற்றோருடன். ஓஹேர் விமான நிலையம் காரில் நாற்பது நிமிடம். இந்தக் கடைசி விவரம்தான் இந்தக் கதையில் ரொம்ப முக்கியமானது. ஆனால் அன்று அவள் பேசியதில் அது வரவே இல்லை. நானாகக் கேட்டபோதுதான் சொன்னாள்.

அன்றைய நிலவரம்

நான் 2000களின் நடுவில் ரீஜனலில் சேர்ந்தபோது என் முதல் வருடச் சம்பளம் மணிக்கு 21 டாலர். 2022 ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் குழுமத்துக்குச் சொந்தமான பீட்மான்ட், என்வாய் இரண்டும் புதுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. அந்தக் கோடையிலேயே மற்றவர்களும் பின்னால் ஓடி வந்தார்கள். கோவிட் காலத்தில் பெரிய ஏர்லைன்ஸ்கள் ஆயிரக்கணக்கான மூத்த விமானிகளை முன்கூட்டியே ஓய்வு பெறச் செய்திருந்தன. பயணிகள் திரும்பியதும் அந்த இடங்களை நிரப்ப ரீஜனல் கேப்டன்களை வாரிக்கொண்டு போனார்கள். ரீஜனல்கள் கையில் பணத்தை வைத்துக்கொண்டு ஆள் தேடின. 75,000 டாலர் போனஸ் அப்படி முளைத்ததுதான்.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விஷயம். யுனைடெட்டில் டிக்கெட் வாங்கி, யுனைடெட் நிறம் பூசிய சின்ன ஜெட்டில் ஏறினாலும், அதை ஓட்டுபவர் யுனைடெட் ஊழியராக இருக்க மாட்டார். டிக்கெட்டை விற்பது, வழித்தடத்தை முடிவு செய்வது எல்லாம் பெரிய கம்பெனி. ரீஜனலுக்கு இத்தனை விமானம், இத்தனை மணி நேரம், இத்தனை புறப்பாடு என்று கணக்குப் போட்டுப் பணம் கொடுத்துவிடுவார்கள். அந்த ஒப்பந்தம்தான் ரீஜனலின் உயிர். விமானத்தின் அளவையும் ரீஜனல் தானாக முடிவு செய்ய முடியாது. அமெரிக்கன், டெல்டா, யுனைடெட் மூன்றின் விமானிகள் சங்க ஒப்பந்தங்களும் ரீஜனல் ஜெட்டுக்கு 76 இருக்கை, 86,000 பவுண்டு எடை என்று எல்லை போட்டிருக்கின்றன.

மூன்று ஆஃபர்கள்

முதல் கம்பெனிதான் போனஸ் கம்பெனி. 75,000 டாலரும் ஒரே தடவையில் வராது. பயிற்சி முடிந்ததும் 15,000, ஒரு வருடம் கழித்து 20,000, இரண்டு வருடம் முடிந்தால் மீதி 40,000. நடுவில் விலகினால் வாங்கியதை எல்லாம் திருப்பித் தர வேண்டும். பயிற்சிச் செலவுக்கும் தனியாக ஒரு கையெழுத்து. பறப்பது பெரும்பாலும் 50 இருக்கை ஜெட்கள், ஒரே ஒரு பெரிய கம்பெனிக்காக மட்டும். வகுப்பு மூன்று வாரத்தில் தொடங்குகிறது.

இரண்டாவது, ஒரு பெரிய ஏர்லைன்ஸுக்கே முழுதும் சொந்தமானது. அங்கே பெரிய ஈர்ப்பு 'ஃப்ளோ': மறுபடி இன்டர்வியூ இல்லாமல், சீனியாரிட்டி வரிசைப்படி தாய்க் கம்பெனிக்குப் போய்விடலாம். ஐந்து வருடம் ஆகும் என்று ஆள் சேர்ப்பவர் சொல்லியிருந்தார். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் அவர்களுக்கு பேஸ், அதாவது விமானிகள் பணியைத் தொடங்கும் ஊர், கிடையாது.

மூன்றாவது, பல பெரிய கம்பெனிகளுக்கும் பறக்கும் தனிக் கம்பெனி. போனஸ் பெயருக்குத்தான். 76 இருக்கை ஜெட். சிகாகோவில் பேஸ் உண்டு, ஆனால் முதல் நாளே கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. வகுப்பு ஜனவரியில்.

சம்பளத்தில் மூன்றுக்கும் மணிக்குச் சில டாலர்தான் வித்தியாசம். அதை அன்றே ஒதுக்கி வைத்தோம்.

நான் கேட்டது

அவள் ஒரு அட்டவணை போட்டு வைத்திருந்தாள். போனஸ், சம்பளம், விமான வகை, கேப்டனாக எத்தனை வருடம், ஃப்ளோ என்று கட்டம் கட்டமாக. நல்ல உழைப்புதான். ஆனால் அதில் இருந்த ஒவ்வொரு வரியும் கம்பெனி தானே எழுதிக் கொடுத்தது. நான் கேட்டது ஒன்றே ஒன்று. "மூணு கம்பெனியிலயும் சீனியாரிட்டி லிஸ்ட்ல கடைசியா இருக்கிற ஆளுக்குப் போன மாசம் எப்படிப் போச்சுன்னு தெரியுமா?"

தெரியாது என்றாள். சரி, புதன்கிழமைக்குள் அதைக் கண்டுபிடிப்போம் என்றேன்.

ஏன் கடைசி ஆள்? சேரும் நாளில் அந்தக் கடைசி ஆள் நீதான். இந்தத் தொழிலில் எல்லாமே சீனியாரிட்டி எண்தான். எந்த ஊர் பேஸ், எந்த நாள் லீவு, எப்போது கேப்டன், ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே, எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். திறமை, பணிவு, கேப்டன்கள் சொல்லும் நல்ல வார்த்தை எதுவும் அதை ஒரு படி கூட நகர்த்தாது. கம்பெனி மாறினால் அந்த எண் கூட வராது, மறுபடி கடைசியில் இருந்துதான். ஆள் சேர்க்கும் துறை காட்டும் வாழ்க்கை லிஸ்டின் நடுவில் இருப்பவனுடையது. அந்த இடத்துக்குப் போக வருடக்கணக்கில் ஆகலாம்.

அந்தக் கடைசி ஆளின் மாதம் எப்படி இருக்கும்? பெரும்பாலும் ரிசர்வ். அதாவது பறக்கும் அட்டவணை கிடையாது, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கூப்பிடுவார்கள். மாதம் 18 நாள் ரிசர்வ், 12 நாள் ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்பது சாதாரண ஏற்பாடு. ஒரு நாளில் இப்படிக் காத்திருக்கும் நேரம் எஃப்.ஏ.ஏ. என்ற அமெரிக்க விமானத்துறை ஒழுங்கு அமைப்பின் விதிப்படி 14 மணி நேரம் வரை போகலாம்.

வீடு பேஸ் இருக்கும் ஊரிலேயே என்றால் அந்த 14 மணி நேரமும் உங்கள் வீட்டில், உங்கள் படுக்கையில். வேறு ஊர் என்றால் கம்யூட்: முந்தின நாள் மாலையே காலி இருக்கை தேடிப் பறந்து போய், நாலைந்து விமானிகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அறையில் படுத்து, போன் வருமா என்று காத்திருக்க வேண்டும். அந்த அறைக்குக் கிராஷ் பேட் என்று பெயர். பதினெட்டு நாளும் நான்கு தொகுப்பாக வந்தால் நான்கு முறை போக வேண்டும், நான்கு முறை வர வேண்டும். பன்னிரண்டு ஓய்வு நாளில் வீட்டில் இருப்பது ஏழோ எட்டோதான். போகும் வரும் நேரத்துக்குச் சம்பளம் இல்லை. நான் மூன்று வருடம் இப்படி இருந்தேன். அதில் இழந்த தூக்கத்தை எந்த போனஸும் திருப்பித் தராது என்று அவளிடம் சொன்னேன், இப்போதும் அதே கருத்துதான்.

இதை வெறும் வசதிக் குறைவு என்று நான் பார்ப்பதில்லை. 2009 பிப்ரவரி 12 அன்று இரவு நியூவார்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் 3407 தரையிறங்கும் முன் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் கட்டுப்பாட்டைத் தவறான பக்கம் இழுத்தார் என்பது விசாரணை வாரியம் கண்ட காரணம். ஆனால் அந்த அறிக்கையில் என்னை விட்டுப் போகாத பகுதி வேறு. துணை விமானி முந்தின இரவு சியாட்டிலிலிருந்து சரக்கு விமானத்தில் மெம்பிஸ் வந்து, அங்கிருந்து இன்னொரு சரக்கு விமானம் மாறி, காலையில் நியூவார்க் சேர்ந்தவர். கேப்டனின் வீடு ஃப்ளோரிடாவில். நியூவார்க் பேஸில் இருந்த 137 கோல்கன் விமானிகளில் 93 பேர் வேறு ஊரிலிருந்து வந்துபோகிறவர்கள். களைப்பு இருவரையும் பாதித்திருக்கக்கூடும், எவ்வளவு என்று அளக்க முடியவில்லை என்று வாரியம் எழுதியது.

அந்த விபத்துக்குப் பின் இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதால்தான் 2010இல் சட்டம் வந்தது. 2013 முதல் துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் தேவை. 2014 ஜனவரி முதல் புதிய ஓய்வு விதிகள், பணிக்கு முன் பத்து மணி நேர ஓய்வு. அவள் இரண்டு வருடம் பயிற்றுநராக உழைத்ததற்கே அந்த இரவுதான் காரணம். இருந்தாலும் கம்யூட்டை அந்த விதிகள் தொடவில்லை. பத்து மணி நேர ஓய்வை நீங்கள் படுக்கையில் கழித்தீர்களா, காக்பிட்டின் கூடுதல் இருக்கையான ஜம்ப் சீட்டில் கழித்தீர்களா என்று யாரும் பார்ப்பதில்லை. பறக்கத் தகுதியாக இருக்கிறேன் என்று விமானி தானே உறுதி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று நாளில் கிடைத்தது

அவள் கெட்டிக்காரி. தன்னோடு பயிற்றுநராக இருந்து முன்னால் போனவர்கள், அவர்களின் நண்பர்கள் என்று ஒன்பது பேரிடம் பேசினாள். எல்லாரும் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகாதவர்கள்.

முதல் கம்பெனியில் கடைசி ஆள் நிறையப் பறந்துகொண்டிருந்தான், உண்மையிலேயே. ஆனால் பேஸ் அவன் சேர்ந்த எட்டு மாதத்தில் இரண்டு முறை மாறியிருந்தது. ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை.

அங்கேதான் நான் நின்றேன். நான் முதலில் சேர்ந்த ரீஜனல் இன்று இல்லை. நல்ல மனிதர்கள், நல்ல பயிற்சி, ஆனால் ஒப்பந்தம் போனது, கம்பெனியும் போனது, என் எண்ணும் போனது. 2020இல் மட்டும் என்ன நடந்தது என்று பாருங்கள். ஏப்ரல் முதல் வாரத்திலேயே டிரான்ஸ் ஸ்டேட்ஸ், காம்பஸ் என்ற இரண்டு ரீஜனல்களும் மூடின. இரண்டுக்கும் ஒரே உரிமையாளர். எக்ஸ்பிரஸ்ஜெட் என்ற இன்னொரு ரீஜனலின் கதை இன்னும் வலிக்கும். யுனைடெட் தன் எம்ப்ரேயர் 145 விமானங்களை ஓட்டும் வேலையை அதனிடமிருந்து எடுத்து கம்யூட்ஏருக்குக் கொடுத்தது. செப்டம்பர் 30 அன்று எக்ஸ்பிரஸ்ஜெட்டின் யுனைடெட் பறப்பு முடிந்தது. விமானமும் அதே, வழியும் அதே, வாலில் எழுதியிருந்த பெயரும் அதே. விமானிகளுக்கு மட்டும் எண் போய்விட்டது. பதினைந்து வருடம் கேப்டனாக இருந்தவரும் வேறு இடத்தில் கடைசி ஆளாக உட்கார வேண்டியிருந்தது.

தாய்க் கம்பெனிக்குச் சொந்தமானது என்றால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். காமெய்ர் என்ற ரீஜனல் முழுக்க டெல்டாவுக்குச் சொந்தமானதுதான். டெல்டாவே 2012 செப்டம்பரில் அதை மூடியது. நல்ல உரிமையாளர் இருந்தால் ஆபத்து குறையலாம், போய்விடாது.

இரண்டாவது கம்பெனியின் கடைசி ஆள் ஒரு பெண். அவள் வீடு மினியாபோலிஸில், பேஸ் வேறு ஊரில். கிராஷ் பேடுக்கு மாதம் 325 டாலர் கொடுக்கிறாள். ஃப்ளோ பற்றிக் கேட்டபோது அவள் தெளிவாகச் சொன்னாள்: ஐந்து வருடம் என்பது இன்று தாய்க் கம்பெனி மாதம் எத்தனை பேரை எடுக்கிறதோ அதை வைத்துப் போட்ட கணக்கு, ஒப்பந்தத்தில் வருடம் என்று எதுவும் இல்லை. மேலே ஆள் எடுப்பது நின்றால் குழாயும் நிற்கும். 2020 அக்டோபரில் அமெரிக்கனும் யுனைடெட்டும் சேர்ந்து சுமார் 32,000 ஊழியர்களை வேலையிலிருந்து நிறுத்தியபோது ஃப்ளோ வரிசையில் காத்திருந்தவர்கள் எங்கே போவது?

மூன்றாவதில் கடைசி ஆள் சிகாகோவுக்கு வர நான்கு முதல் ஆறு மாதம் ஆகிறது என்றான். வந்தபின் ரிசர்வ்தான், ஆனால் வீட்டிலிருந்து.

செவ்வாய் இரவு மறுபடி பேசினோம். அவள் அப்பா போனஸ் பக்கம்தான் நின்றார், அதில் தப்பில்லை. 88,000 கடன் இருக்கிற வீட்டில் 75,000 என்றால் யாருக்கும் மனசு அசையும். நாங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மாதம் 75 மணி நேரத்துக்குச் சம்பளம் உத்தரவாதம், மணிக்கு 90 டாலர், ஆக மாதம் 6,750. வீட்டில் இருந்தபடி வேலைக்குப் போனால், வரி போக மாதம் 2,500 வரை கடனுக்குப் போடலாம். அப்படியானால் போனஸ் இல்லாமலே மூன்று வருடம் சொச்சத்தில் கடன் தீரும். போனஸில் பெரிய பங்கு வருவதோ இரண்டு வருடம் முடிந்த பிறகு. அந்த இரண்டு வருடத்தில் ஒப்பந்தம் போனால், அல்லது அவளுக்குப் பெரிய கம்பெனியில் இடம் கிடைத்தால், அந்தத் தொகையே காலைக் கட்டும்.

புதன்கிழமை காலை மூன்றாவது கம்பெனிக்குச் சம்மதம் சொன்னாள்.

நடந்தது

ஜனவரி 2023 வகுப்பில் 22 பேர். ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் எண் எப்படி என்றால், அங்கே வயதுதான், மூத்தவர் மேலே. அவள்தான் வகுப்பிலேயே இளையவள். 22ஆவது எண். உண்மையாகவே கம்பெனியின் கடைசி ஆள். முதலில் கிடைத்த பேஸ் நியூவார்க்.

பயிற்சி முடிந்து சில மாதம் சிகாகோவிலிருந்து நியூவார்க் கம்யூட் செய்தாள். நியூவார்க் என்ற பெயர் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரே ஒரு விதி வைத்துக்கொள் என்றேன்: ரிசர்வ் அதிகாலையில் தொடங்கினால் முந்தின நாள் மதியத்துக்குள் நியூவார்க்கில் இரு, கடைசி விமானத்தை நம்பாதே. அதை அவள் ஒரு முறை கூட மீறவில்லை. ஓய்வு நாட்கள் சுருங்கின, அழுதிருக்கிறாள், ஆனாலும் களைத்துப் போய் ஒரு நாளும் விமானம் ஏறவில்லை. ஜூலையில் சிகாகோ கிடைத்தது.

இதுவரை கணக்கு சரியாகத்தான் இருந்தது. தப்பியது வேறு இடத்தில், அதில் என் பங்கு பெரிது.

கடைசி ஆளின் மாதத்தைக் கேள் என்று சொன்ன நான், அவன் எங்கே படுக்கிறான், எத்தனை நாள் வீட்டில் இருக்கிறான் என்றெல்லாம் கேட்கச் சொன்னேன். மாதம் எத்தனை மணி நேரம் *பறக்கிறான்* என்று மூன்றாவது கம்பெனியில் கேட்கச் சொல்லவில்லை. முதல் கம்பெனியின் ஆள் 'நிறையப் பறக்கிறேன்' என்று தானாகச் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். விமானத்துக்குக் கேப்டனும் வேண்டும், துணை விமானியும் வேண்டும். பெரிய கம்பெனிகள் கொண்டுபோனது கேப்டன்களை. சம்பளம் ஏறியதும் வந்து குவிந்தவர்கள் துணை விமானிகள். 2023இல் ரீஜனல்கள் பலவற்றில் வலது இருக்கைக்கு ஆள் வரிசையில் நின்றது, இடது இருக்கை காலி. கேப்டன் இல்லாத விமானம் தரையில்தான் நிற்கும், வரிசையின் கடைசியில் இருப்பவனும் அதோடு தரையில் நிற்பான்.

சம்பளம் பாதிக்கப்படவில்லை, உத்தரவாதம் இருந்தது. ஆனால் புதிதாக ஒரு ஜெட்டில் தேர்ச்சி பெற்ற விமானி, தேர்வு முடிந்த 120 நாளுக்குள் அந்த வகையில் 100 மணி நேரம் பறந்து முடிக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. கற்றது கையில் ஊற வேண்டும் என்பதற்கான விதி, மிக நியாயமானது. அவளுக்கு 90 நாள் போயிருந்தபோது 61 மணி நேரம்தான் ஆகியிருந்தது. முடிக்காவிட்டால் கால நீட்டிப்பு, மறுபடி சரிபார்ப்பு, சிமுலேட்டர் என்று போகும். அவளே பயிற்சித் துறைக்கு எழுதினாள், இரண்டு முறை. அவர்கள் ஒரு மூத்த துணை விமானியைச் சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு அவருடைய நான்கு நாள் பயணத்தை இவளுக்குக் கொடுத்தார்கள். ஒன்பது நாள் மிச்சம் இருக்கையில் நூறு தாண்டியது.

முதல் வருடம் முழுதும் அவள் பறந்தது 270 மணி நேரம். பயிற்றுநராக அதை ஐந்தாறு மாதத்தில் முடித்திருப்பாள். பயணிகள் விமானத்தில் கேப்டனாக வேண்டுமானால் இந்த வகைப் பணியில் 1,000 மணி நேரம் தேவை. வருடம் 270 என்றால் எத்தனை வருடம் என்று அவளே ஒரு நாள் கணக்குப் போட்டு எனக்கு மெசேஜ் அனுப்பினாள். பதில் எழுத எனக்கு அரை நாள் ஆனது.

அந்த வருடம் கையில் பழக்கம் குறையாமல் இருக்க அவள் செய்ததைச் சொல்ல வேண்டும். ரிசர்வ் நாட்களில் வீட்டில், காகிதத்தில் அச்சிட்ட காக்பிட் படத்தை ஒட்டி வைத்துக்கொண்டு சரிபார்ப்புப் பட்டியல்களை வாய்விட்டுச் சொல்வாள். கேப்டன்களிடம் தரையிறக்கத்தைக் கேட்டு வாங்குவாள். 90 நாளில் மூன்று புறப்பாடு, மூன்று தரையிறக்கம் இல்லையென்றால் சிமுலேட்டருக்குப் போய் நிறைவு செய்ய வேண்டும். அந்த நிலைக்கு ஒரு முறை போனாள். வெட்கப்பட வேண்டியது எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

2024இல் மணி நேரம் 390 ஆனது. மேலே நிலைமை வேறு மாதிரி திரும்பியது. போயிங்கிலிருந்து விமானங்கள் தாமதமாக, பெரிய கம்பெனிகள் ஆள் எடுப்பதைக் குறைத்தன. ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் தன் விமானிகளை வேலையிலிருந்து நிறுத்தத் தொடங்கியது. ரீஜனல் கேப்டன்கள் அவரவர் இருந்த இடத்திலேயே தங்கினார்கள். விமானங்கள் ஓடின, இவளும் பறந்தாள். ஆனால் இவளுக்கு மேலே இருந்தவர்கள் யாரும் நகரவில்லை.

மற்ற இரண்டு கதவுகள்

இரண்டாவது கம்பெனியில் அவளோடு ஆஃபர் வாங்கிய ஒரு பையன் சேர்ந்தான். அவன் ஃப்ளோ கணக்கு ஐந்திலிருந்து எட்டு வருடம் போலத் தள்ளிப் போயிருக்கிறது. ஆனாலும் அவன் குறைபட்டுக்கொள்வதில்லை. கல்யாணம் செய்துகொண்டு பேஸ் இருக்கும் ஊருக்கே குடிபோய்விட்டான். காலையில் பைக்கில் வேலைக்குப் போகிறான். வீடு எங்கே இருக்க வேண்டும் என்பதை மாற்றிக்கொள்ள முடிந்தவனுக்கு அந்தக் கம்பெனி நல்ல தேர்வுதான். இவளுக்கு, அம்மாவின் உடல்நிலை காரணமாக, அது முடியாது.

முதல் கம்பெனி இன்னும் இருக்கிறது, அளவில் சுருங்கி. போனஸ் வாங்கிய ஒருவர் முதல் வருடத்திலேயே 700 மணி நேரம் பறந்து, மிகச் சீக்கிரம் கேப்டன் ஆகி, 2023 கடைசியில் ஒரு பெரிய ஏர்லைன்ஸுக்குப் போய்விட்டார். வாங்கிய போனஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான். அவர் முதல் கம்பெனிக்குப் போகாமல் இருந்திருந்தால் இன்று நல்ல இடத்தில் இருந்திருக்க மாட்டார், இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆறு மாதம் தள்ளிச் சேர்ந்த இன்னொருவரின் பேஸ் மூடியது. கேப்டன் தகுதி வருவதற்குள் மேலே கதவும் சாத்திவிட்டது. ஒரே கம்பெனி, ஒரே போனஸ், ஆறு மாத இடைவெளி.

வகுப்பு எந்தத் தேதி என்பதற்கு நான் அன்று இன்னும் அதிக எடை கொடுத்திருக்க வேண்டும். முதல் கம்பெனி மூன்று வாரத்தில் வா என்றது, மூன்றாவது ஜனவரி என்றது. இந்தப் பத்து வார இடைவெளியில் மூன்றாவது கம்பெனியில் எத்தனை பேர் அவளுக்கு மேலே உட்கார்ந்தார்கள் என்று பிறகு லிஸ்டைப் பார்த்து எண்ணினாள். 114 பேர். நவம்பரில் ஒரு வகுப்பு இருந்தது, அதற்கு இடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பயிற்சிப் பள்ளியில் நோட்டீஸ் காலம் முடியட்டும் என்று நினைத்தோம்.

முடிவை மாற்றிச் சொல்வாயா என்று அவள் அப்பா சென்ற வருடம் கேட்டார். மாட்டேன் என்றேன். அம்மாவுக்கு 2024இல் இரண்டு அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டின் போதும் அவள் வீட்டில் இருந்தாள், ரிசர்வில், நாற்பது நிமிடத் தூரத்தில். இதை எந்த அட்டவணையின் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது

2025 செப்டம்பரில் ஆயிரம் மணி நேரம் முடிந்தது. சிகாகோவில் துணை விமானியாக அவள் எண் நடுப்பகுதிக்கு வந்துவிட்டது. ரிசர்வ் இல்லை, மாத அட்டவணை கிடைக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் பாதியாவது வீட்டில். நவம்பரில் கேப்டன் இடங்களுக்கான அறிவிப்பு வந்தது. அவள் எண்ணுக்கு எட்டுவது ஒரே ஒரு பேஸ்: நியூவார்க். கேப்டனாகப் போனால் அங்கே ரிசர்வில் மறுபடி கடைசி ஆள். போகாவிட்டால் பெரிய கம்பெனிகள் மறுபடி கதவைத் திறக்கும்போது, கேப்டனாகப் பறந்த மணி நேரம் கையில் இருக்காது.

எனக்குப் போன் செய்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடங்கிவிட்டாள். நியூவார்க்கில் கடைசி நான்கு கேப்டன்களிடமும் பேசிவிட்டாளாம். அக்டோபரில் அவர்கள் பறந்தது 58, 61, 49, 66 மணி நேரம். காலை ரிசர்வ் பதினோரு நாள், மாலை ஏழு நாள். நான்கு பேரில் மூன்று பேர் கம்யூட் செய்கிறவர்கள். சிகாகோவில் கேப்டன் இடம் அவள் எண்ணுக்கு வர, போன வருட வேகத்தில் போனால், பதினான்கு மாதம்.

"மணி நேரம் நல்லா இருக்கு அங்கிள். அது மட்டும்தான் இழுக்குது" என்றாள். அம்மாவுக்கு அடுத்த பரிசோதனை மார்ச்சில். அதன் முடிவு தெரியும் வரை விண்ணப்பத்தில் சிகாகோவை மட்டும் போட்டு வைத்திருக்கிறாள்.